எண்ணி நகரும் மோட்டார்

தேக்காவுக்கு அருகே, ஜாலான் புசார் சாலையின் தொடக்கத்தில் இருக்கிறது சிம் லிம் டவர். மின்னணு உதிரிப்பொருள் தேடுவோருக்கு நன்கு பழக்கமான கட்டடம். அவர்கள் தேடும் பொருள்களில் ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் ஸ்டெப்பர் மோட்டார்.

மின்விசிறி மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்டெப்பர் மோட்டார் அப்படியல்ல. ஒரு துடிப்புக்கு ஒரு படிதான் நகரும். நடுவில் காந்தம் பொருந்திய சுழலி. பரவலான வகையில் அதன் விளிம்பில் 50 பற்கள். சுற்றிலும் இரண்டு தொகுதிக் கம்பிச்சுருள்கள். ஒரு தொகுதியில் மின்சாரம் பாய்ந்தால் பற்கள் அதற்கு நேராக வந்து நிற்கும். அடுத்த தொகுதிக்கு மாற்றினால் கால் பல் தூரம் நகரும். 50 பற்கள், பல்லுக்கு 4 படி. ஆக, 200 படிகளில் ஒரு முழுச்சுற்று. படி ஒன்றுக்கு 1.8 பாகை.

இந்த மோட்டாருக்கும் சிங்கப்பூருக்கும் பழைய உறவு உண்டு. அமெரிக்காவின் சீகேட் நிறுவனம் 1980ல் எஸ்டி-506 வன்தட்டை வெளியிட்டது. கொள்ளளவு வெறும் 5 மெகாபைட்! தகவலைப் படிக்கும் முனையை 153 தடங்களுக்கு இடையே நகர்த்தியது ஸ்டெப்பர் மோட்டார்தான். 1982ல் அந்நிறுவனம் சிங்கப்பூருக்கு வந்தது. பின்னர் 20 மெகாபைட் எஸ்டி-225 வன்தட்டுகள் இங்கு ஏராளமாகத் தயாராயின. அவற்றிலும் இதே மோட்டார். விலை மலிவு என்பதே காரணம்.

மலிவுக்கு ஒரு விலையும் இருந்தது. மின்தடை நேரத்தில் புளோக் மாடிப்படிகளை எண்ணிக்கொண்டே இறங்குபவரை நினைத்துப் பாருங்கள். ஒரு படி தவறினாலும், எண்ணிக்கை சரி என்றே நம்பி நடப்பார். இந்த மோட்டாரும் அப்படித்தான். தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது. வன்தட்டு சூடேறி உலோகம் சற்று விரிந்தால் தடம் இடம் மாறும். முனையோ எண்ணிய இடத்திலேயே போய் நிற்கும். சேமித்த கணக்கு வழக்கைப் படிக்க முடியாமல் போகும். தடங்கள் நெருங்க நெருங்க இது தாங்காது என்றாயிற்று. தட்டிலேயே எழுதப்பட்ட குறியைப் பார்த்து இடத்தைத் திருத்திக்கொள்ளும் ‘வாய்ஸ் காயில்’ முறை வந்தது. வன்தட்டிலிருந்து ஸ்டெப்பர் வெளியேறியது.

அங் மோ கியோவில் இருந்த வன்தட்டு ஆலையை மூடப்போவதாக சீகேட் 2009ல் அறிவித்தது. சுமார் 2,000 பேரின் வேலை போனது. மோட்டார் மட்டும் வேறு வேலை தேடிக்கொண்டது: இன்று முப்பரிமாண அச்சு இயந்திரங்களை நகர்த்துவது அதுவே. அச்சிடும் பொருள் பாதியில் ஒரு பக்கமாக விலகிப்போனால், மோட்டார் படி தவறியிருக்கலாம். வேகத்தைக் குறைத்து, பட்டை இறுக்கமாக உள்ளதா என்று முதலில் பாருங்கள்.