அஞ்சு வயசு வரைக்கும் பார்ப்போமா?

அம்பத்தூரில் நடக்கிற குமரகுருபரர் விழா இது. பேச்சு பிள்ளைத்தமிழைப் பற்றித்தான். ஆனால் தொடங்குவது ஓர் எவர்சில்வர் டம்ளரில்.

இதே அம்பத்தூரில் ஓர் அங்கன்வாடி அம்மா. பெயர் வேண்டாம், கூச்சப்படுவார். இரண்டு வயதுப் பையனோடு ஒரு பாட்டி வந்தார். "அம்மா" என்ற சொல்கூட வரவில்லை. "ஆம்பளப் புள்ள, மெதுவாத்தான் பேசும். அவங்க அப்பனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்றார் பாட்டி. அங்கன்வாடி அம்மா பதில் பேசவில்லை. பையனின் முதுகுப் பக்கம் போய் டம்ளரைக் கரண்டியால் ஓங்கித் தட்டினார். மூலையில் தூங்கிய குழந்தை திடுக்கிட்டு எழுந்து அழுதது. பையன் திரும்பவே இல்லை.

"நாக்கை அப்புறம் பாக்கலாம் பாட்டி, முதல்ல காதைப் பாருங்க" என்றார். அந்த அம்மாவுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்!

இப்போது குமரகுருபரருக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டு, ஸ்ரீவைகுண்டம். ஐந்து வயது வரை பேசாத பிள்ளை திருச்செந்தூர் சந்நிதியில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்று வழிவழியாகச் சொல்கிறோம். அந்த வரலாற்றை எடுத்து, "அவரே அஞ்சு வயசுலதான் பேசினாரு, பொறுங்க" என்று கவலைப்படுகிற தாயின் வாயை அடைக்கிறார்கள். அவரைப் பெற்றவர்கள் பொறுத்தா இருந்தார்கள்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செந்தூருக்கு ஓடினார்கள். அந்தக் காலத்தில் எங்கே போக முடியுமோ அங்கே போனார்கள்!

அந்தப் பிள்ளைதான் வளர்ந்து மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். அதில் வருகிற சப்பாணிப் பருவம் என்றால் என்ன? ஒன்பதாம் மாதம் வாக்கில் குழந்தை கைகொட்டுவது. அம்புலிப் பருவம்? ஒன்றரை வயது வாக்கில் நிலாவைக் காட்டி விளையாட அழைப்பது. பேச்சுப் பயிற்சியாளர் இன்றைக்குக் கேட்பதும் இதுதானே! கை தட்டுகிறானா? பேர் சொன்னால் திரும்புகிறானா? விரல் நீட்டிக் காட்டுகிறானா? இரண்டு வயதில் "பால் தா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கிறானா?

மொட்டைமாடியில் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டிய இடத்தில் இன்று செல்போன் நிற்கிறது. இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம் என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அதற்காக அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து அலுத்து வருகிற தாயைக் குற்றவாளி ஆக்காதீர்கள். போனை வாங்கி வைத்துவிட்டு, குழந்தையோடு அரை மணி நேரம் பேச வீட்டில் வேறு ஆளே இல்லையா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பேர் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும். "ரெண்டு பாஷையில குழம்புறான், வீட்ல தமிழை நிறுத்துங்க, இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று தாயிடம் சொல்கிற கூட்டம். ஆவடி டாங்கி ஃபேக்டரி குடியிருப்புக்கு வாருங்கள்! வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் இந்தி, தெருவில் தமிழ் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளைக் காட்டுகிறோம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. தாய்க்குச் சரளமாக வராத மொழியில் கொஞ்சச் சொன்னால், பிள்ளைக்குக் கிடைக்கிற பேச்சுதான் குறையும்.

டம்ளருக்கே திரும்புவோம். பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டுக்காவது காது கேட்பதில் குறை இருக்கிறது. டம்ளர் சத்தத்துக்குத் திரும்பினாலும் முழுதாகக் கேட்கிறது என்று அர்த்தமில்லை. அதற்குத்தான், சத்தம் காதிலிருந்து மூளை வரை போகிறதா என்று பார்க்கிற பெரா (BERA) பரிசோதனை. காது நன்றாக இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும், ஆட்டிசமா என்றும் பார்க்க வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். போரூரில் ராமச்சந்திரா மருத்துவமனையில் பேச்சு, செவித்திறனுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. பல லட்சம் ஆகிற, காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஆறு வயதுக்குள் வர வேண்டும்.

அஞ்சு வயசு வரைக்கும் பார்ப்போம் என்று சொன்னவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பையன் இப்போது காதில் கருவியோடு பயிற்சிக்குப் போகிறான். கூட்டிக்கொண்டு போவது அதே பாட்டிதான். உங்கள் தெருவில் ஒன்றரை வயது தாண்டியும் ஒரு சொல் பேசாத பிள்ளை இருந்தால், நாளைக் காலையில் அந்தத் தாயோடு நீங்களும் அங்கன்வாடி வரை நடந்து போங்கள்.