வகுப்பறையில் பிறந்த மாணவர் இல்லம்

  

நம் துறையில் நெடுநாளாக நடக்கும் வழக்கு உங்களுக்குத் தெரியாததன்று. வளாகத்தில் யூத மாணவர்க்கு ஓர் இல்லமும் அடுக்களையும் அமைப்பது சமயத்தாரின் நலப்பணி, படிப்பு மட்டுமே பல்கலைக்கழகத்தின் பொறுப்பு, இரண்டையும் கலக்கலாகாது. இது என் நண்பர்கள் கட்சி. அதற்கு அவர்கள் காட்டும் சான்று, அமெரிக்க வளாகங்களில் பரவியுள்ள ஹில்லல் இல்லம். ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் ஒதுங்க எழுந்த நிழல் அது என்கிறார்கள். ஹில்லலின் பிறப்பே இக்கட்சியை மறுக்கிறது என்பது என் துணிபு.

ஆண்டு 1923. இடம் இல்லினாய் பல்கலைக்கழகம். சிக்காகோவுக்குத் தெற்கே சோளக்காடுகள் சூழ்ந்த அர்பானா-ஷாம்பெய்ன். அங்கே எட்வர்ட் சான்சி பால்ட்வின் என்ற ஆங்கிலப் பேராசிரியர் விவிலியத்தை இலக்கியமாகக் கற்பித்துவந்தார். அவர் கிறிஸ்தவர். எபிரேய நூல்கள் தம் முன்னோருடையவை என்றாலும், யூத மாணவர்கள் அவற்றைப் பற்றி மற்றவர்களைவிடக் கூடுதலாக எதுவும் அறியவில்லை என்பது அவரை உறுத்தியது. யூத சமூகப் பெரியவர்களிடம் முறையிட்டார். பெஞ்சமின் ஃபிராங்கல் என்ற இளம் ரப்பி ஹில்லல் இல்லத்தைத் தொடங்கும் பணியை ஏற்றார். அதே வளாகத்தில் மெதடிஸ்டுக் கிறிஸ்தவர்கள் 1913-லேயே தம் மாணவர்க்கென வெஸ்லி இல்லத்தைத் தொடங்கியிருந்தார்கள். முன்மாதிரி கண்ணெதிரே இருந்தது. இத்தகைய இல்லங்களில் நடந்த பாடங்களைப் பல்கலைக்கழகமும் பட்டப்படிப்பின் கணக்கில் சேர்த்துக்கொண்டது. முறையீடு எழுந்தது வகுப்பறையில், முறையிட்டவர் ஆசிரியர், குறையும் படிப்பில் உள்ள குறையே. 1922-இல் ஹார்வர்டின் தலைவர் லோவல் யூத மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட முயன்றது உண்மை. அந்தக் கதையை இல்லினாயின் தலையில் ஏற்றுவது வரலாறு ஆகாது.

இல்லத்துக்குச் சூட்டிய பெயருக்குரிய ஞானி ஹில்லலைப் பற்றி யூத சமய நூலான தால்முதின் யோமா பகுதி சொல்வதையும் நண்பர்கள் எண்ண வேண்டும். அவர் கூலியாள். அன்றாடக் கூலியில் பாதியைக் கல்விச்சாலைக் காவலனுக்குக் கொடுத்து உள்ளே போவார். கூலி கிடைக்காத ஒரு நாள் காவலன் விடவில்லை. கூரைமேல் ஏறி, வெளிச்சத் துளையருகே படுத்துப் பாடம் கேட்டார். அது குளிர்கால வெள்ளிக்கிழமை. இரவெல்லாம் பனி மூடிவிட்டது. யூதரின் ஓய்வுநாளான சனிக்கிழமை விடிந்ததும் ஆசான்கள் அவரை இறக்கி, நீராட்டி, எண்ணெய் தடவி, நெருப்பருகே அமர்த்தினார்கள். ஓய்வுநாள் விதியை இவருக்காக மீறலாம் என்று தீர்ப்பும் சொன்னார்கள். மாணவனின் குளிரைப் போக்குவது ஆசானின் கடமை என்பதற்கு இதைவிட வலிய சான்றை நான் அறியேன்.

1927-இல் ஃபிராங்கல் இளவயதிலேயே மறைந்தார். பின்னர் இல்லப் பொறுப்பேற்ற ஏப்ரம் சாக்கர் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆசிரியர். 1948-இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானார். இல்லம் நடத்தியவரும் பல்கலைக்கழகம் நடத்தியவரும் ஒருவரே.

அடுக்களைக்கு வருவோம். யூதரின் கோஷர் உணவு நெறியில் இறைச்சிக்கும் பாலுக்கும் பாத்திரம் வேறு. பொது உணவுக்கூடத்தில் அதைக் காப்பது கடினம். நெறி வழுவாதவர்கள் ஓய்வுநாளில், அதாவது வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை எழுதமாட்டார்கள்; சனிக்கிழமைத் தேர்வு அவர்களுக்குக் கதவடைப்பு. தால்முதை இருவர் இருவராக அமர்ந்து உரக்க வாதிட்டுப் படிப்பது மரபு; நூலக அமைதியில் அதற்கு இடமில்லை. உணவும் நாள்காட்டியும் அறையும் படிப்பின் உறுப்புகள்.

நேரம் முடிந்துவிட்டது. இளம் ஆய்வாளர்க்குச் சில குறிப்புகள் மட்டும். ஹில்லல் இல்லங்களின் தொடக்ககாலப் பாடத்திட்டங்களைத் தேடித் தொகுக்க வேண்டும். மாணவியரின் பங்கு தனியே ஆராயத்தக்கது. யூதவியல் துறைகள் பெருகிய பின் இல்லத்தில் நடந்த பாடங்கள் என்னவாயின என்று பார்க்க வேண்டும். தேர்வு அட்டவணைகளையும் யூதப் பண்டிகை நாள்களையும் ஒப்பிடலாம். இதை முதுகலை மாணவர் ஒருவரே செய்து முடிக்கலாம்.