பாட்டியின் கால் பங்கு

மலேசியாவில் இறந்தவர் விட்டுச் சென்ற சொத்துக்கு வரி கிடையாது. 1941-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வசூலித்து வந்த மரபுரிமை வரி 1991 நவம்பர் 1 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் அப்பா போய்ப் பல வருடமாகியும் வீட்டுக் கிரான்ட், அதாவது உரிமைப் பத்திரம், அவர் பெயரிலேயே இருக்கும் குடும்பங்கள் உண்டு. பெயர் மாறாமல் அந்த வீட்டை விற்கவும் முடியாது, வங்கியில் அடகு வைக்கவும் முடியாது.

உயில் இருந்தால் உயர்நீதிமன்றத்தில் புரோபேட், அதாவது உயிலை நிறைவேற்றுவதற்கான ஆணை, வாங்க வேண்டும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் தேவை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன், மனைவிக்கோ அதே உயிலில் எழுதிய பங்கு செல்லாது. நம்பிக்கையான ஆள் என்று சொந்த மகளையே சாட்சியாக்கினால் இழப்பு அவளுக்குத்தான்.

உயில் இல்லையென்றால் தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோருக்கு 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம். 1997-இல் அது திருத்தப்பட்ட பிறகு, பிள்ளைகள் இருந்தாலும் பெற்றோருக்குப் பங்கு உண்டு. மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி, இறந்தவரின் பெற்றோருக்குக் கால்.

இந்தக் கால் பங்கைத்தான் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. கேட்போர் ஒரு தாளில் கணக்குப் போட்டே பார்க்கலாம். கிள்ளானில் ஒரு தெரஸ் வீடு. அப்பா இறக்கும்போது அவருடைய தாயார் மட்டும் உயிரோடு இருக்கிறார். வீட்டில் கால் பங்கு பாட்டிக்கு. "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டு, பாட்டியும் உயில் எழுதாமல் காலமாகிவிட்டால், அந்தக் கால் பங்கு அவர் பெற்ற நான்கு பிள்ளைகளின் வழியாகப் பிரியும். பெரியப்பா, சித்தப்பா, அத்தை ஆளுக்குப் பதினாறில் ஒரு பங்கு. இன்னொரு பதினாறில் ஒரு பங்கு, முன்பே இறந்த அப்பாவுக்காக அவர் பிள்ளைகளுக்கு. நேற்றுவரை ஒரு குடும்பத்தின் கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு இப்போது நான்கு குடும்பங்கள் உட்கார்ந்து பேச வேண்டும்.

உயிலில்லாத சொத்தில் வீடோ நிலமோ இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால் அரசின் சிறு சொத்துப் பிரிவில் மனுச் செய்யலாம். 2024 ஜூலை 15-க்கு முன் இந்த வரம்பு 20 லட்சம். விசாரணை நாளில் வாரிசுகள் எல்லாரும் அழைக்கப்படுவார்கள். இறப்புப் பத்திரம், கிரான்ட், பிறப்புப் பத்திரங்கள் வேண்டும். திருமணப் பதிவுச் சான்றிதழும் வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு பதியாமல் விட்டிருந்தால், மனைவி தன் உரிமையை நிலைநாட்ட மிகவும் சிரமப்பட நேரிடும்.

நிலம் இல்லாமல் வங்கிப் பணம் போன்றவை மட்டும் 6 லட்சம் ரிங்கிட்டுக்குள் இருந்தால் அரசு அறங்காவல் நிறுவனமான அமானா ராயா கவனிக்கும். சட்டப்படி வாரிசுக்குப் பெயர் மாற்ற முத்திரைத் தீர்வை 10 ரிங்கிட்தான்.

ஊழியர் சேம நிதி தனி. முஸ்லிம் அல்லாதோருக்கு அந்தப் பணம், நியமனத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே போகும். திருமணம் செய்துகொண்டால் பழைய உயில் தானாகவே ரத்தாகிவிடும். சேம நிதி நியமனம் ரத்தாகாது. மணமாகும் முன் அம்மா பெயரைக் கொடுத்தவர் அதை மாற்றாமல் இறந்தால், மனைவி இருந்தாலும் பணம் அம்மாவுக்குத்தான்.