நெஞ்சு வலியும் அதன் காரணங்களும்

நெஞ்சு வலி என்றதும் மாரடைப்பென்று அஞ்சுகிறோம். அஞ்சுவது தவறன்று. ஆயினும், இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்தாலும் நெஞ்சு வலிக்கும். மாரடைப்புக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதுண்டு. தமனி கிழிந்தவருக்கோ அம்மருந்தே எமனாகலாம்.

இதில் ஒரு சங்கடம். அக்கிழிசல் சில வேளை இருதயத்துக்கு இரத்தமூட்டும் குழாயின் வாயையே அடைத்துவிடும். அப்போது இ.சி.ஜி. படம் மாரடைப்பையே காட்டும், அதுவும் பொய்யன்று. எனவே மருத்துவர் இரு கைகளிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடுகிறார். ஐயம் வலுத்தால் ஸி.டி. ஸ்கான் எடுக்கிறார். இருதயத்தையொட்டிக் கிழிந்திருந்தால் உடனே அறுவை சிகிச்சைதான்.

இரண்டு நாள் ரயிலில் அசையாது அமர்ந்து வந்தவருக்குக் காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொள்வதும் உண்டு. வலியுடன் மூச்சும் திணறும்.

ஆகவே வலி வந்த விதமே மருத்துவருக்கு முதல் துப்பு. மெள்ள ஏறிற்றா, எடுத்த எடுப்பிலேயே முதுகுவரை கிழித்தாற்போல் பாய்ந்ததா, ஒரு கால் வீங்கிற்றா? நாகபுரியிலோ கொல்கத்தாவிலோ மகன் வீட்டுக்கு வந்து தங்கிய தாயார் இதனை எம்மொழியில் சொல்வார்? 112-ஐ அழைத்துவிட்டு, அவரைத் தமிழில் கேட்டு, வலி தொடங்கிய நேரத்தையும் விதத்தையும் குறித்துக்கொண்டு, ஆம்புலன்சில் உடன் செல்லுங்கள்.