மனச்சோர்வை மறைக்க வேண்டாம்
(திமிரி குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





சென்ற மாதம் ஒரு தாய் நம் அலுவலகத்துக்கு வந்தார். ஷூ கம்பெனியில் வேலை பார்த்த மகன் ஐந்து மாதமாக வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. தூக்கமில்லை, சாப்பாடில்லை. "நான் இருந்து என்ன ஆகப்போகிறது" என்கிறானாம். டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டோம். "பைத்தியம் என்று பேர் வந்தால் தங்கச்சிக்கு யார் மாப்பிள்ளை தருவார்கள்?" என்று அழுதார். பிறகு ஒரு சீட்டை நீட்டினார். அதில் புப்ரினார்பின் என்று எழுதியிருந்தது. யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அது என்ன மருந்து? அபின், ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையானவர்களை மீட்க, நாக்குக்கு அடியில் வைத்துக் கொடுக்கும் மாத்திரை. மூளையில் அபின் பூட்டைத் திறக்கும் இடத்தில் இதுவும் போய் உட்காரும். ஆனால் பாதிதான் திறக்கும். அதனால் ஏக்கம் அடங்குகிறது.

இது மனச்சோர்வுக்கும் உதவுமா என்று ஆராய்ந்தது உண்மை. 1995இல் அமெரிக்காவில், வேறு மருந்துகளால் குணமாகாத 10 பேருக்குக் கொடுத்தார்கள். மூவரால் பக்க விளைவைத் தாங்க முடியவில்லை. நால்வர் முழுவதும் தேறினார்கள். நல்ல செய்திதான், ஆனால் பத்தே பேர். பிறகு இதையே இன்னொரு மருந்துடன் சேர்த்து மனச்சோர்வுக்கென ஒரு மாத்திரை தயாரித்தார்கள். சான்று போதாது என்று 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி தரவில்லை.

ஆகவே இது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கும் மருந்து. பழக்கமாகிவிடும், தூக்க மாத்திரையோடும் மதுவோடும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். நம் நாட்டில் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. யாரிடமும் தனியாக வாங்காதீர்கள். போதை மீட்புக்காக டாக்டர் கொடுத்து ஏற்கனவே சாப்பிடுபவர்கள், எங்கள் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடவும் வேண்டாம்.

மனச்சோர்வு ஈமானின் குறைவல்ல. சர்க்கரை நோய் போல அதுவும் நோய். தொழுகையும் துஆவும் மனதுக்குத் தெம்பு; அவற்றோடு மருத்துவமும் வேண்டும். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. சோதித்து அனுமதிக்கப்பட்ட மருந்துகள் ஏற்கனவே பல உள்ளன. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், பாதியில் விடக்கூடாது.

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை இருக்கிறது. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. 14416 என்ற அரசின் இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். "சாகப்போகிறேன்" என்று யாராவது சொன்னால் தனியே விடாதீர்கள். அன்றே அழைத்துப் போங்கள்.

அந்தத் தாயோடும் மகனோடும் நாங்களே டாக்டரிடம் போனோம். இப்போது சிகிச்சை நடக்கிறது. உங்கள் வீட்டிலும் தேவையென்றால் வாருங்கள். துணைக்கு வருகிறோம், பஸ் செலவும் தருகிறோம். பேர் வெளியே போகாது.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஷிஃபா தருவானாக. ஆமீன்.