தலையில் அடிபட்டால்

(தலைமன்னாரில் நடந்த முதலுதவி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



நமது முன்னோர் பலர் வந்து இறங்கிய கரை இது. 2023 ஜூலை 28ஆம் திகதி, அவர்கள் நினைவாக மாத்தளைக்கு நடைபயணம் புறப்பட்டதும் இங்கிருந்துதான். மூட்டையும் தலையில், பிறகு கொழுந்துக் கூடையின் கயிறும் தலையில். இவ்வளவு சுமந்த தலையின் தோலைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

உச்சந்தலையில் ஐந்து படைகள் இருக்கின்றன. மேலே தோல். அடுத்தது இரத்தக்குழாய்கள் ஓடும் கெட்டியான நார்ப்படை. மூன்றாவது, நெற்றித் தசையையும் பிடரித் தசையையும் இணைக்கும் நார்விரிப்பு. இவை மூன்றும் ஒட்டியே நகரும். புருவத்தை உயர்த்தித் தலையைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். நான்காவது தளர்ந்த படை. கடைசியாக எலும்பைப் போர்த்திய சவ்வு.

வெட்டுப்பட்ட குழாய் வழக்கமாகச் சுருங்கி இரத்தத்தை அடக்கும். தலையிலோ அந்த நார்கள் குழாயைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் சின்ன வெட்டுக்கும் இரத்தம் கொட்டுகிறது. உடனே கோப்பித்தூளை அள்ளி அப்புகிறோம். தயவுசெய்து வேண்டாம். சுத்தமான துணியை மடித்து வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்துப் பார்க்காதீர்கள். அடியில் எலும்பு இருப்பதால் அழுத்தம் நன்றாகப் பிடிக்கும். எலும்பு உள்ளே அமுங்கியது போலிருந்தால் மட்டும் அழுத்தாமல் மூடிவையுங்கள்.

தூளோடு போகும் கிருமி நான்காவது படையில் பரவும். அங்கிருந்து மண்டையோட்டைத் துளைத்துச் செல்லும் சிறு நாளங்கள் வழியாக உள்ளேயும் போகலாம். அதே படையில் தேங்கும் இரத்தம் முன்பக்கம் இறங்கி, மறுநாள் கண்ணிமையைக் கறுக்கச் செய்யும். "கண்ணில் அடிபடவில்லையே" என்று இருந்துவிடாதீர்கள். மண்டையோடு வெடித்தாலும் அப்படிக் கறுக்கும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுத் தடுமாற்றம், காதிலோ மூக்கிலோ நீர் வடிதல் என்றால் உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்சைக் கூப்பிடுங்கள். அதற்குக் காசு இல்லை.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லுங்கள்: மூக்கடியிலிருந்து வாயோரங்கள் வரையுள்ள இடத்தில் வரும் கட்டியைப் பிதுக்கக் கூடாது. அங்குள்ள நாளங்கள் கண்ணின் வழியாக மண்டைக்குள் இருக்கும் நாளங்களோடு சேர்கின்றன. அபூர்வமாகத்தான் கிருமி உள்ளே போகும். போனால் உயிருக்கே ஆபத்து.

மலையில் விழுந்து தலையில் அடிபட்டவரை "அந்தி நிறுவை முடியட்டும்" என்று உட்காரவைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விபத்து நடந்த நேரத்தையும் இடத்தையும் அன்றைக்கே தோட்ட அலுவலகத்தில் எழுதவையுங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கும்போது அந்தப் பதிவு கையில் இருக்க வேண்டும்.