பள்ளிக்கூடத்தில் பாதிரிக்கு என்ன வேலை?
(ஒரு சொற்பொழிவு)



பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தாய் இறந்துபோனால் ஆறுதல் சொல்லுவது யார்? தகப்பன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்றால் அப்பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? கணக்கு வாத்தியாருக்கு அதற்கு நேரமில்லை. ஆகவே அதற்கென்று ஒருவர் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த ஒருவர் மதக்காரராகவே ஏன் இருக்கவேண்டும் என்பதுதான் நம் கேள்வி.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கேளுங்கள். 2006-ஆம் வருஷம் அந்நாட்டுப் பிரதம மந்திரி ஜான் ஹோவர்டு ஒரு திட்டம் அறிவித்தார். "சாப்ளின்" என்னும் மதப் பணியாளரை வைத்துக்கொள்ளும் பள்ளிக்கு வருஷத்துக்கு 20,000 டாலர் வரை சர்க்கார் பணம். எம்மதத்தாரும் வரலாம் என்றார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களே. மதப் பிரசாரம் செய்யக்கூடாது என்று விதியும் எழுதினார்கள். நல்ல விதிதான். ஆனால் மதத்தைப் பரப்பாதே என்று சொல்லிவிட்டு, மதக்காரனாயிருந்தால்தான் வேலை என்றால் என்ன நியாயம்? மீன் பிடிக்கக்கூடாது என்று பலகை நட்டுவிட்டு, வலைக்காரனையே குளத்துக்குக் காவல் வைப்பது போலல்லவா இது?

டூவூம்பா என்னும் ஊரில் ரான் வில்லியம்ஸ் என்ற ஒரு தகப்பனார், தம் பிள்ளைகள் படித்த சர்க்கார் பள்ளிக்கு இப்படிப் பணம் போவதை எதிர்த்து வழக்காடினார். 2012 ஜூன் 20-ல் அந்நாட்டு உயர்ந்த நீதிமன்றம், சட்டத்தின் ஆதாரமில்லாமல் மத்திய சர்க்கார் இவ்விதம் செலவழிக்க அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. உடனே அவசரமாக ஒரு சட்டம் செய்தார்கள். 2014 ஜூன் 19-ல் அதுவும் இதற்குச் செல்லாது என்றாயிற்று. பிறகு பணத்தை மாகாணங்கள் வழியாக அனுப்பினார்கள்!

தோழர்களே, இதில் நாம் பொய்ச் சந்தோஷம் அடையக்கூடாது. உத்தியோகத்துக்கு மத நிபந்தனை கூடாது என்று அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 116-ஆவது பிரிவு சொல்லுகிறது. அந்த வாதம் தோற்றுவிட்டது. சாப்ளின் மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தரல்ல என்றார்கள். ஆகவே ஜெயித்தது பணப்பையைப் பற்றிய வாதமேயொழிய, பகுத்தறிவின் வாதமல்ல. 2011-ல் மதமில்லாத ஊழியரும் வரலாம் என்றார்கள். 2014-ல் அதை எடுத்துவிட்டார்கள். 2023-லிருந்து பள்ளிகள் தங்கள் இஷ்டப்படி இருவரில் எவரையும் வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. இடையில் கோர்ட்டுப் படியேறிய அந்தத் தகப்பனாருடைய பிடிவாதத்தை நாம் மெச்சவேண்டும்.

நாம் கிறிஸ்தவர்கள்மீது துவேஷம் கொண்டு பேசுவதாக யாரும் எண்ணவேண்டாம். தெருவில் நடக்கவிடாமல் விரட்டப்பட்ட நம் மக்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களில் பாதிரிமார்களும் உண்டு. அந்த நன்றியை நாம் மறக்கமாட்டோம். சாப்ளின்களிலும் அன்புள்ளவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் அன்புக்கு ஞானஸ்நானம் எதற்கு? அழுகிற பிள்ளையின் மனம் இளகிய மண். அதில் எந்த விதையைப் போட்டாலும் முளைக்கும். அந்தச் சமயம் பார்த்துச் சாமியை விதைப்பவர் பாதிரியானாலென்ன, பண்டாரமானாலென்ன, மௌல்வியானாலென்ன? எல்லாம் ஒன்றுதான்.

நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 28-ஆவது ஷரத்து, முழுதும் சர்க்கார் பணத்தால் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது. சர்க்காரின் அங்கீகாரமோ உதவிப் பணமோ பெறும் பள்ளியிலும், பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்படுத்தக்கூடாது என்கிறது. எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்?

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல யாராவது பள்ளிக்கு வந்தால், மூன்று கேள்வி கேளுங்கள். இவரை அனுப்பியது யார்? இவர் இந்த வேலைக்கு என்ன படித்திருக்கிறார்? என் சம்மதத்தைக் கேட்டீர்களா? மரியாதையாகவே கேளுங்கள்; பதில் வரும்வரை விடாதீர்கள். அதோடு, வீட்டில் உங்கள் பிள்ளை சொல்லுவதைத் தினம் கால்மணி நேரம் காது கொடுத்துக் கேளுங்கள். அதற்கு எந்த மதமும் வேண்டியதில்லை. எந்தச் சர்க்கார் பணமும் வேண்டியதில்லை.